கடற்பயணமும் சக்கர நாற்காலியும்

குடும்பத்தோடு பயணம் போவது நம் மக்களுக்குப் புதிய வழக்கமன்று. வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும், உறவினர் இல்லத் திருமணங்களுக்கும் வண்டி அமர்த்திக்கொண்டு, பாட்டி முதல் கைக்குழந்தை வரை புறப்பட்டுச் செல்லும் குடும்பங்களை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். வண்டி புறப்பட்ட பின்னர் அந்த இல்லங்களின் பக்கம் போக நேர்ந்தால், சிற்சில வேளைகளில் ஒருவர் மட்டும் உள்ளே இருப்பதையும் காண்கிறோம். அவர் நடக்க இயலாதவர். பக்கத்து வீட்டார் துணைக்கு வந்து போவார்கள். சோறும் குழம்பும் மூடி வைக்கப்பட்டிருக்கும். அவரை எவரும் வெறுத்து விட்டுச் சென்றாரில்லை. “பாவம், அவருக்கு எதற்கு இந்த அலைச்சல்?” என்னும் அன்பினால்தான் விட்டுச் சென்றார்கள். ஆயினும் விடப்பட்டவர் விடப்பட்டவரே அன்றோ!

இப்பொழுது கடற்பயணமும் நம் குடும்பங்களின் பேச்சில் இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து சுற்றுலாக் கப்பல் புறப்பட்டது. 2023 ஜூனில் அத்தகைய கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கும் சென்றது. அயல்நாடுகளில் வேலைபார்க்கும் பிள்ளைகளோ, பெற்றோரை அழைத்து ஐரோப்பியக் கடலில் ஒரு வாரம் சுற்றிக்காட்ட விரும்புகின்றனர். அவ்வீட்டில் சக்கர நாற்காலியில் வாழும் ஒருவர் இருந்தால் என் செய்வது? அவரையும் அழைத்துச் செல்லலாமா? செல்லலாம் என்பதே நமது விடை. ஆனால் அதற்கென ஒரு முறை உண்டு. அதனைக் குடும்பங்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கேட்க வேண்டியவர் யார்?

நாம் நன்கறிந்த குடும்பம் ஒன்று. மகன் ஐரோப்பாவில் பணிபுரிகிறான். மகள் மூன்று வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கால்களின் வலிமையை இழந்தவள். நாற்பதைக் கடந்த அவள் வீட்டிலிருந்தே தையல் தொழில் செய்து வருகிறாள். மகன் கடற்பயணத்துக்கு அழைத்தபோது, பெற்றோர் மகளை அத்தை வீட்டில் விட்டுச் செல்வதாக முடிவு செய்து, அதனை நம்மிடம் தெரிவித்தனர். “அவளிடம் கேட்டீர்களா?” என்றோம். “கேட்டால் வருகிறேன் என்று சொல்லிவிடுவாளே, சாமி!” என்றார் தாய். அந்த ஒரு விடையில் எவ்வளவு அன்பு, எவ்வளவு அச்சம்!

பின்னர் கேட்டார்கள். அவள் சொன்னதை இங்கே பதிக்கிறோம்: “இதுவரை என்னை எத்தனையோ இடங்களுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். போகலாமா என்று என்னைக் கேட்டது இதுதான் முதல் தடவை.”

பயணத்திற்குரிய மற்ற ஏற்பாடுகள் யாவும் இந்தக் கேள்விக்குப் பின் வரவேண்டியவை. எவ்வளவு நேரம் தொடர்ந்து அமர இயலும், எவரேனும் தூக்கினால் எங்கே வலிக்கும், கழிவறையில் எத்தகைய உதவி வேண்டும், எதனைத் தாமே செய்துகொள்ள விரும்புகிறார் என்பவற்றை அறிந்தவர் நாற்காலியில் இருப்பவர் ஒருவரே. அவருடைய சொல்லின்றி மற்றவர்கள் தீட்டும் திட்டம், ஆழமறியாமல் ஆற்றில் இறங்குவது போன்றதே.

அளவு நாடாவும் கடிதமும்

தையற்காரி ஆகையால், அவள் முதலில் எடுத்தது அளவு நாடாதான். தன் நாற்காலியின் முழு அகலம் 25 அங்குலம் என்று குறித்துக்கொண்டாள். பல கப்பல்களில் சாதாரண அறையின் கதவு ஏறக்குறைய 23 அங்குல அகலமே உடையது. அந்தக் கதவின் முன் எவ்வளவு அன்பு இருந்தும் பயனில்லை. இரண்டு அங்குலம் குறைந்தால் குறைந்ததுதான்.

எனவேதான் இன்றைய பெரிய கப்பல்களில், சக்கர நாற்காலியில் வருவோருக்கெனத் தனி அறைகள் அமைந்திருக்கின்றன. அவற்றின் கதவு 32 அங்குலமோ அதற்கு மேலோ அகலம் உடையது. உள்ளே நாற்காலி முழுவதும் திரும்புவதற்கு ஐந்தடி வட்டத்துக்கு இடம் இருக்கும். குளியலறையில் தடுப்புப் படி இராது. சுவரில் பிடிகம்பிகளும், அமர்ந்து குளிக்க இருக்கையும் இருக்கும். ஆனால் ஒரு கப்பலில் இத்தகைய அறைகள் சிலவே. அவை விரைவில் நிரம்பிவிடும் ஆதலால், பல மாதங்களுக்கு முன்னரே பதிவு செய்தல் நன்று. கூடுமானவரை கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறையைக் கேட்க வேண்டும். அங்கேதான் கப்பலின் ஆட்டம் குறைவு.

பதிவு செய்யும்போது வாய்ச்சொல்லோடு நிறுத்தலாகாது. நாற்காலியின் அகலம், நீளம், எடை, அது மடங்கும் வகையா, மின்விசையால் இயங்குவதானால் அதன் மின்கலம் எவ்வகை என்பவற்றையெல்லாம் எழுத்தில் கொடுத்து, எழுத்திலேயே விடை பெற வேண்டும். கப்பலுக்குச் செல்லும் விமானத்துக்கும் இதுவே விதி. வெகுநேரம் அமர்வதால் உண்டாகும் புண்ணுக்குத் தடுப்பாக வைத்திருக்கும் மெத்தையை நாற்காலியோடு சாமான் அறைக்கு அனுப்பிவிடாமல் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பழுது நீக்கும் சிறு கருவிகளும் மாற்று ட்யூபும் உடன் இருக்கட்டும்.

ஐரோப்பிய ஒன்றிய நாட்டுத் துறைமுகத்தில் கப்பல் ஏறுவோருக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2010ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2012 டிசம்பர் 18 முதல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறையின்படி, ஊனம் ஒன்றையே காரணம் காட்டிப் பயணச்சீட்டை மறுக்கலாகாது. பாதுகாப்பு விதிகளும் கப்பலின் அமைப்பும் உண்மையிலேயே தடையானால் மட்டுமே விலக்கு. துறைமுகத்தில் உதவி இலவசம். தேவையை 48 மணி நேரத்துக்கு முன் அறிவிக்க வேண்டும். நிறுவனத்தின் தவற்றால் நாற்காலி சேதமுற்றால் இழப்பீடும் உண்டு. அமெரிக்காவிலும், அந்நாட்டு நீர்ப்பரப்பில் வரும் அயல்நாட்டுக் கொடிக் கப்பல்களையும் ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் கட்டுப்படுத்தும் என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2005ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. கேட்பது பிச்சையன்று, உரிமை என்பதை அறிந்தவர் தலைநிமிர்ந்து கேட்கலாம்.

ஆபத்து வேளையில்

ஒன்றை அச்சமின்றிப் பேசித்தான் ஆகவேண்டும். 2012 ஜனவரி 13 இரவில் ‘கோஸ்தா கொன்கோர்தியா’ என்னும் பெருங்கப்பல் இத்தாலியின் ஜீலியோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் உயிரிழந்தனர். அன்று மாலை சிவித்தாவெக்கியா துறைமுகத்தில் ஏறிய பயணிகளுக்கு ஆபத்துக்காலப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. புறப்பட்ட 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அக்கால விதி. இத்துயரத்துக்குப் பின், கப்பல் புறப்படும் முன்னரோ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்தப்பட வேண்டும் என்ற பன்னாட்டு விதி 2015 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

சக்கர நாற்காலியோடு செல்லும் குடும்பம் இப்பயிற்சியை ஒருபோதும் தவறவிடலாகாது. ஆபத்து வேளையில் மின்தூக்கிகளை நம்ப இயலாது, படிக்கட்டுகளே வழி. நடக்க இயலாதோரைப் படிகளில் இறக்குவதற்குத் தனி நாற்காலிகளும், அதற்கென நியமிக்கப்பட்ட கப்பல் ஊழியர்களும் உண்டு. ஆனால் உதவி வேண்டுவோர் எந்த அறையில் இருக்கிறார் என்பது முன்பே அவர்கள் பட்டியலில் பதிவாகியிருந்தால்தான் உரிய நேரத்தில் வருவார்கள். கப்பலில் ஏறிய முதல் ஒரு மணி நேரத்தில் இதனை உறுதி செய்துகொள்ளுங்கள். நாற்காலியில் இருப்பவரும் அதனை நேரில் கேட்டறியட்டும்.

கப்பல் எளிது, கரை கடினம்

கப்பலுக்குள் தளம் சமமானது, மின்தூக்கி உண்டு, உணவுக்கூடம் அருகிலேயே இருக்கிறது. சிக்கல் கரையில்தான் தொடங்குகிறது. ஆகவே எந்தக் கப்பல் என்று ஆராய்வதைவிட, எந்தெந்தத் துறைகள் என்று ஆராய்வது மேலானது.

கப்பல் துறைமேடையை ஒட்டி நின்றால், ஏறுபாலத்தின் வழியே நாற்காலியை உருட்டிச் செல்லலாம். சரிவு மிகுதியானால் ஊழியர்கள் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் சில இடங்களில் கப்பல் நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் சிறுபடகில் கரைக்குச் செல்ல வேண்டும். அலை சற்றே எழுந்தாலும் நாற்காலியை அப்படகில் ஏற்றமாட்டார்கள். கனமான மின்விசை நாற்காலிகளைப் பெரும்பாலும் ஏற்றுவதேயில்லை. கிரேக்க நாட்டின் சந்தோரினி தீவு இத்தகையது. படகிலிருந்து இறங்கிய பின்னும் மேலே உள்ள ஊரை அடைய ஏறக்குறைய 600 படிகள். இல்லையேல் கோவேறு கழுதை, அல்லது கம்பிவட ஊர்தி.

மற்றோரிடத்தில் நிலைமை வேறு. சிவித்தாவெக்கியாவில் இறங்கினால் உரோமை நகரம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். அந்நகரின் வீதிகளிலும் தூய பேதுரு சதுக்கத்திலும் கருங்கல் பாவிய தரை நாற்காலியை உலுக்கும். எனினும் பேராலயத்திற்குள் சரிவுப்பாதையில் செல்லலாம். நேப்பிள்ஸ் துறைமுகத்தில் இறங்குவோருக்குப் பொம்பேயி நகரின் இடிபாடுகள் அருகில். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த அந்நகரின் தெருக்களில் வண்டிச்சக்கரப் பள்ளங்களும் உயர்ந்த கடவுக்கற்களும் நிறைந்துள்ளன. அங்கே 2016 டிசம்பரில் ‘எல்லாருக்கும் பொம்பேயி’ என்னும் பெயரில் மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட சமவழி ஒன்று திறக்கப்பட்டது. ஏதென்சில், அக்ரோபோலிசு குன்றின்மேல் ஏறப் புதிய மின்தூக்கி 2020 டிசம்பரில் இயங்கத் தொடங்கியது. அதன் அருகே, தூய பவுல் போதித்த அரயோபாகு பாறையோ படிகளால் மட்டுமே ஏறத்தக்கது. அதனைக் கீழிருந்தே காணலாம்.

இரண்டாயிரம் ஆண்டுப் பழமைக்கு ஊறு நேராமல் அங்கே வழி சமைக்க முடிந்திருக்கிறது. நேற்றுக் கட்டிய நம் மண்டபங்களின் வாயிலில் ஒரு சரிவுப்பாதை அமைப்பது இயலாததா?

தங்குவதும் பயணமே

நாம் குறிப்பிட்ட குடும்பம் சந்தோரினியை அடைந்தபோது அலை எழுந்தது. நாற்காலியை ஏற்ற இயலாது என்றனர் ஊழியர். உடனே தாய், “அப்படியானால் நாங்களும் இறங்கவில்லை” என்றார். மகள் உடன்படவில்லை. “எனக்காக நீங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டால், என்னைச் சுமந்து வந்ததாக ஆகிவிடும். போய் வாருங்கள். எனக்குப் பார்ப்பதற்கு இங்கேயே நிறைய இருக்கிறது” என்றாளாம். எரிமலை வெடித்துச் சரிந்த பெரும்பள்ளமே அங்குக் கடலாக நிற்கிறது. அதன் நடுவே நின்ற கப்பலின் மேல்தளத்திலிருந்து செங்குத்துப் பாறையையும் அதன் உச்சியில் வெண்மையாய்த் தெரியும் வீடுகளையும் மாலை வரை அவள் கண்டு மகிழ்ந்தாள்.

வீட்டில் விடப்படுவதும், தானே தீர்மானித்துத் தங்குவதும் ஒன்றாகா. ஆயினும் ஒவ்வொரு துறையிலும் ஒருவரையே தங்கச் செய்வது முறையன்று. பயணத்திட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட துறைகளாவது அவரும் இறங்கத்தக்கனவாய் இருக்க வேண்டும். அக்குடும்பத்தில் அண்ணனும் தந்தையும் முறை வைத்து நாற்காலியைத் தள்ளினார்கள். தாய்க்கு ஒரு நாள் முழு ஓய்வு கொடுத்தார்கள். பணிவிடை செய்பவருக்கும் அது விடுமுறையாய் அமைந்தால்தான் குடும்பப் பயணம் எனும் பெயர் பொருந்தும்.

திருத்தந்தை பிரான்சிசை நாம் மறந்திருக்க மாட்டோம். 2022 மே 5 அன்று முதன்முறையாகச் சக்கர நாற்காலியில் அமர்ந்து பொதுநிகழ்ச்சிக்கு வந்தார். அதன்பின் பயணங்களை நிறுத்திக்கொண்டாரா? அவ்வாண்டே கனடாவுக்கும், 2023இல் காங்கோவுக்கும் தென்சூடானுக்கும், 2024 செப்டம்பரில் தமது 87ஆம் வயதில் இந்தோனேசியா முதல் சிங்கப்பூர் வரை நான்கு நாடுகளுக்கும் சென்று வந்தார். 2025 ஏப்ரல் 21இல் இறைவனடி சேர்ந்த அவரைக் காண, நாற்காலியில் வருகிறார் என்பதற்காக எவரேனும் வாராமல் இருந்தனரோ!

அன்புக் குடும்பங்களே, கடற்பயணம் எல்லாருக்கும் வாய்ப்பதன்று. அதற்குப் பெரும்பொருள் வேண்டும். ஆனால் இங்கே கூறிய முறை, உள்ளூர்ப் பேருந்துக்கும் பொருந்துவதே. முதலில் உரியவரைக் கேளுங்கள். அடுத்து அளந்து பாருங்கள். பின்னர் எழுதிக் கேட்டு விடை பெறுங்கள். இவற்றுக்குச் செலவு ஒன்றுமில்லை. “அவரால் இயலாது” என்று நாம் முடிவுகட்டிய எத்தனையோ காரியங்கள், உண்மையில் அவரிடம் ஒருமுறையேனும் கேட்கப்படாதவை என்பதை அப்போது காண்பீர்கள்.