"படம் புடிச்சியே கண்ணு, எனக்கு எப்போ தருவ?"

பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்து மூவர் விழாவுக்குப் போயிருக்கிறீர்களா? கபாலீஸ்வரர் கோயில் மாட வீதிகளில் குடைகளுக்கும் பல்லக்குகளுக்கும் போட்டியாக, தலைகளுக்கு மேலே செல்போன்களும் கேமராக்களும் உயர்ந்து நிற்கும். நாயன்மார்கள் நகர்ந்ததும் அந்த கேமராக்கள் பக்கவாட்டில் திரும்பும். மோர் ஊற்றிக் கொடுப்பவர், பலூன்காரர், அப்பா தோளில் தூங்கிப்போன குழந்தை, ஓரமாக உட்கார்ந்து பூக் கட்டும் பாட்டி...

'கிளிக்' ஆனதும் சில பாட்டிகள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள், "படம் புடிச்சியே கண்ணு, எனக்கு எப்போ தருவ?" என்று. படம் இன்ஸ்டாகிராமுக்குப் போகும், லைக்குகள் விழும். பாட்டியின் கைக்கு மட்டும் பெரும்பாலும் வந்து சேராது.

சென்னைக்கு கேமரா புதிதல்ல. 1856-லேயே லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது மதராஸ் அரசு. மதுரை, தஞ்சாவூர் கோயில்களை அவர் எடுத்த படங்கள் இன்றும் பிரமிக்க வைக்கின்றன. ஆனால், அவற்றில் மனிதர்களைக் காண்பது அரிது. அன்றைய கேமராவில் ஒரு படம் பதியவே வெகுநேரம் பிடிக்கும். நடமாடுபவர்கள் அதில் சிக்க மாட்டார்கள். பிறகு ஸ்டுடியோக்கள் வந்தன. நல்ல புடவை, பின்னால் ஓவியத் திரை, அசையாத முகம். காசு கொடுத்தவர்களுக்குப் படம் கிடைத்தது. தெருவில் உழைத்தவர்கள் அப்போதும் படத்துக்கு வெளியேதான் நின்றார்கள்.

அவர்களைப் படத்துக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர், மதுரைக்காரரான எம்.பழனி குமார். 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். மலக்குழியில் இறங்கி உயிரை விட்டவர்களின் பிள்ளைகளைப் பற்றி அவர் வைத்த கண்காட்சியின் பெயரே 'நானும் ஒரு குழந்தை'. மீன் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றிய தன் அம்மாவின் வாழ்க்கையையும் படக்கட்டுரையாக்கியிருக்கிறார். 2022-ல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்குக் கிடைத்தது. தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகளுக்குப் புகைப்படம் எடுக்கவும் கற்றுக்கொடுக்கிறார். இவ்வளவு நாள் பிறர் எடுத்த படங்களில் நின்ற பிள்ளைகள், இப்போது தங்கள் வீட்டைத் தாங்களே எடுக்கிறார்கள்.

நம் ஊரிலும் எடுக்க எவ்வளவோ இருக்கிறது. தி.நகர் ரங்கநாதன் தெருக் கடைகளில் நாள் முழுக்க நின்றபடி துணி விரித்துக் காட்டும் பெண்கள். அவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. கடைக்குள் இருக்கை இருந்ததா, அதில் யாராவது உட்கார்ந்தார்களா என்பதற்கு நாளைக்கு ஒரு படம்தான் சாட்சி. அடையாறு ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், ஊரூர் குப்பத்தில் வலையைச் சீர்செய்யும் கைகளும் அப்படித்தான்.

நீங்களும் எடுங்கள். மூன்று விஷயங்களை மட்டும் மறக்க வேண்டாம்.

முதலில், கேளுங்கள். "எடுக்கட்டுமா?" என்ற ஒரு வார்த்தை போதும். 'வேண்டாம்' என்று தலையசைத்தால் வணக்கம் சொல்லிவிட்டு நகருங்கள். அழுகிறவர், தூங்குகிறவர், உடை மாற்றுகிறவர் பக்கம் கேமராவே போக வேண்டாம்.

இரண்டாவது, பெயர், இடம், தேதியைக் குறித்து வையுங்கள். பெயர் தெரியாத படம், முப்பது வருடம் கழித்து வெறும் முகம்தான்.

மூன்றாவது, ஒரு பிரின்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். போஸ்ட்கார்டு சைஸ் என்றால் டீ, வடை காசுக்குள் முடிந்துவிடும்.

பூக் கட்டும் பாட்டிக்கு, ஆதார் அட்டையில் இருப்பதைத் தவிர வேறு படமே இல்லாமல் இருக்கலாம். அவர் சிரித்தபடி இருக்கும் ஒரே படம், இப்போது உங்கள் போனில் இருக்கலாம். அடுத்த முறை மாட வீதிப் பக்கம் போகும்போது அதை எடுத்துப் போங்கள். ரெண்டு முழம் மல்லியும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.