மூளை வளரும் விதம்

"எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம்" என்பது நம் முன்னோர் வாக்கு. அத்தலையினுள் வீற்றிருக்கும் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கின்றனர். இத்தனை கோடி அணுக்களும் எங்கிருந்து வந்தன? எந்த அணு எந்த இடத்தில் அமர வேண்டும் என்று யார் சொன்னார்கள்? எங்கள் உயிரியல் பாடத்தில் மூளையின் பாகங்களைப் படம் வரைந்து பெயர் குறிக்கக் கற்றுக்கொண்டோம். அந்தப் பாகங்கள் தோன்றிய கதை படத்தைக் காட்டிலும் சுவையானது.

தாயின் வயிற்றில் கரு உண்டாகி மூன்றாவது வாரத்தில் அதன் முதுகுப்புறத்தில் உயிரணுக்களாலான ஒரு மெல்லிய தகடு தென்படுகின்றது. மூளையும் தண்டுவடமும் இதிலிருந்தே உண்டாகின்றன. சுருண்ட வாழைக்குருத்து விரிந்து இலையாவதை நாம் தோட்டங்களில் காண்கிறோம். இங்கு நடப்பது அதற்கு நேர்மாறு. விரிந்த தகட்டின் இரு ஓரங்களும் மேலெழுந்து, ஒன்றையொன்று நெருங்கி, ஒட்டிக்கொண்டு ஒரு குழாயாகின்றன. குழாயின் தலைப்பக்க வாய் ஏறத்தாழ 25ஆம் நாளிலும், வால்பக்க வாய் 28ஆம் நாளிலும் மூடிக்கொள்கின்றன. அப்பொழுது கரு ஓர் அரிசியளவுதான் இருக்கும்! இந்த 28 என்னும் எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னால் இதற்குத் திரும்ப வருவோம்.

குழாயின் உட்சுவரில் உள்ள அணுக்களுக்கு நரம்புக் குருத்தணுக்கள் என்று பெயர். குருத்தணு என்பது இன்னும் எந்த வேலைக்கும் அமராத இளம் அணு. அது இரண்டாகப் பிரியும்போது ஒன்று நரம்பணுவாக மாறிப் புறப்பட்டுவிடும். மற்றொன்று குருத்தணுவாகவே தங்கி மறுபடியும் பிரியும். கரும்பை வெட்டிய பின் அடிக்கட்டை துளிர்த்து மறுதாம்பு வருவதைப் போன்றது இது. ஆனால் எத்தனை தாம்புதான் விடமுடியும்? குருத்தணுவின் வேலைக்கும் காலவரையறை உண்டு. குறிப்பிட்ட காலம் வரை நரம்பணுக்களை ஈன்றுவிட்டு, அதன்பின் அவற்றுக்குத் துணைநின்று ஊட்டமளிக்கும் துணையணுக்களை ஈனத் தொடங்குகின்றது. நாம் சிந்திக்கப் பயன்படும் பெருமூளைப் புறணியின் நரம்பணுக்களில் பெரும்பாலானவை, குழந்தை பிறக்கும் முன்பே உண்டாகிவிடுகின்றன.

உட்சுவரில் பிறந்த நரம்பணு வெளிப்புறத்திற்கு எப்படிச் செல்கிறது என்பது இன்னும் வேடிக்கை. குருத்தணுவின் உடலிலிருந்து நீண்ட இழை ஒன்று வெளிச்சுவர் வரை செல்கின்றது. அந்த இழையைப் பற்றிக்கொண்டு, கொடிக்காலில் அகத்தியைப் பற்றி ஏறும் வெற்றிலைக்கொடி போல, நரம்பணு மேலேறுகின்றது. அந்த இழை வெறும் ஏணி என்றே நெடுநாள் எண்ணியிருந்தனர். ஏறிச்செல்லும் அணுவை ஈன்றதும் அந்த இழைக்குரிய அணுவே என்பது 2001ஆம் ஆண்டையொட்டித்தான் தெளிவாயிற்று. அகத்தியே வெற்றிலையைப் பெற்றெடுத்துத் தன் மேல் ஏற்றிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இனி, எந்த அணு எங்கே என்ன ஆக வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு விடை தேடியவர்களுள் நம் நாட்டுப் பெண்மணி ஒருவர் முன்வரிசையில் நிற்கிறார் என்பது எங்களுக்குப் பெருமை. ஷுபா டோலே அம்மையார் 1967இல் பிறந்தவர். மும்பை புனித சவேரியார் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். அங்கேயே தங்கிவிடாமல் தாயகம் திரும்பி, 1999இல் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் தம் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். கதக் நடனமும் ஆடுவார். 'படிப்பா, நடனமா, ஒன்றை விடு' என்று வீட்டில் கேட்கப்படும் தோழியர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அம்மையார் ஆராய்ந்தது எலிக்கருவின் மூளையை. வளரும் பெருமூளையின் ஓரத்தில் குறுகிய பட்டை ஒன்று உண்டு. தையல் வகுப்பில் துணியின் ஓரத்தை மடித்துத் தைக்கிறோமே, அதற்குரிய ஆங்கிலப் பெயரையே இப்பட்டைக்கு வைத்துள்ளனர். நாம் புடவைக்கரை என்பது போல இதைக் 'கரை' என்று அழைப்போம். இந்தக் கரையிலிருந்து சில இரசாயனச் சைகைகள் கசிகின்றன. கரைக்கு அடுத்துள்ள குருத்தணுக்கள் அச்சைகையைப் பெற்று, நினைவாற்றலுக்குரிய பகுதியாக வளர்கின்றன. கடற்குதிரையின் வடிவில் இருக்கும் அப்பகுதி இல்லாவிடில் நேற்றுப் படித்த பாடம் இன்று நினைவிருக்காது.

எங்கள் ஜேடர்பாளையத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. காவிரியின் குறுக்கே உள்ள அணைக்கட்டிலிருந்து ராஜவாய்க்கால் பிரிகின்றது. மடைக்கு அருகே நிலம் உள்ளவர் வாழையோ வெற்றிலையோ வைப்பார். தண்ணீர் எட்டாத மேட்டுக்காட்டுக்காரர் சோளம் விதைப்பார். மண்ணில் பெரிய வேற்றுமை இல்லை. மடைக்கு எவ்வளவு தூரம் என்பதே பயிரைத் தீர்மானிக்கின்றது. குருத்தணுக்களின் நிலையும் அதுவே.

2008ஆம் ஆண்டு அம்மையாரின் குழுவினர் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதை மெய்ப்பித்தது. எல்.எச்.எக்ஸ்.2 என்றொரு மரபணு உண்டு. 'நீ கரையாகாதே, புறணியாகு' என்று குருத்தணுவுக்குக் கட்டளையிடுவது அதன் பணி. சில எலிக்கருக்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில அணுத்திட்டுகளில் மட்டும் இம்மரபணு இல்லாமல் செய்தார்கள். அத்திட்டுகளில் மூளையின் நடுப்புறத்தில் இருந்தவை கரையாக மாறிவிட்டன. அத்துடன் நிற்கவில்லை. ஒவ்வொரு புதுக்கரையின் அருகிலும் ஒரு புது நினைவுப்பகுதி முளைத்தது! வயலின் நடுவே புதிதாக மடை திறந்தால் அங்கும் வாழை வைக்கலாம் அல்லவா?

ஆனால் இந்த மாற்றமெல்லாம் எலிக்கருவின் பத்தாம் நாளுக்கு முன் நடந்தால்தான் உண்டு. அதன்பின் அதே மரபணுவை நீக்கினாலும் அணுக்கள் கரையாவதில்லை. முடிவு எடுத்தது எடுத்ததுதான். 2011இல் அக்குழுவினர் இன்னொன்றும் கண்டனர். நினைவுப்பகுதியில் இதே மரபணு பிற்காலத்தில் வேறொரு பணி செய்கின்றது: நரம்பணுக்களை ஈன்று முடிக்குமுன் குருத்தணு துணையணுக்களுக்குத் தாவிவிடாமல் காக்கின்றது. ஒரே மரபணு காலத்திற்கேற்ப இரு வேலைகளைப் பார்க்கின்றது. அம்மையாருக்கு 2014இல் இன்போசிஸ் பரிசு கிடைத்தது. 2023இல் அனைத்துலக மூளை ஆராய்ச்சி அமைப்பின் தலைவராகவும் பொறுப்பேற்றார்.

எலியில் கண்டது இருக்கட்டும், மனிதக் கருவில் இவையெல்லாம் எப்படித் தோன்றும்? அதைக் காண நம் மாநிலத்திலேயே வழி பிறந்துள்ளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையத்தார், பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையில், 14 முதல் 24 வாரம் வரையிலான சிசுக்களின் மூளைகளை மிக மெல்லிய சீவல்களாக்கிப் படம் பிடித்தனர். மொத்தம் 5,132 சீவல்கள். ஒவ்வொன்றிலும் தனித்தனி அணுவைக் காணலாம். 'தரணி' என்னும் அந்தப் பட அட்டவணையை 2024 டிசம்பரில் உலகத்தார் அனைவருக்கும் இலவசமாக வழங்கினர். இவ்வுலகைக் காணாமலே போன அச்சிசுக்களுக்கும் அவர்களின் அன்னையருக்கும் மருத்துவ உலகம் கடன்பட்டுள்ளது.

இப்பொழுது அந்த 28ஆம் நாளுக்கு வருவோம். குழாயின் வாய் உரிய நாளில் மூடாவிட்டால் அது பின்னர் தானாக மூடுவதில்லை. வால்பக்கம் திறந்து நின்றால் முதுகெலும்பு பிளந்த நிலையில் குழந்தை பிறக்கும். கால்கள் செயலிழக்கவும் கூடும். தலைப்பக்கம் திறந்து நின்றால் குழந்தை பிழைப்பதரிது. இக்குறைகளுள் பெரும்பகுதியை ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமின் தடுக்கும் என்பதை 1991இல் ஏழு நாடுகளில் நடந்த ஆராய்ச்சி மெய்ப்பித்தது. முன்பு இத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மாருக்குக் கருவுறும் முன்பே இவ்வைட்டமினைக் கொடுத்ததில், மீண்டும் அக்குறை நேர்வது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது.

நம் பக்கத்தில் கருவுற்றிருப்பது உறுதியான பிறகே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று மாத்திரை வாங்குவது வழக்கம். அது இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ ஆகிவிடுகின்றது. அதற்குள் குழாய் மூடவேண்டிய நாள் கடந்துபோயிருக்கும்! ஆகவேதான் தாய்மையை எதிர்நோக்கும் பெண்கள், கருவுறும் முன்பிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. மணமான அக்காமாரும் அண்ணிமாரும் உள்ள வீடுகளில் இதை எடுத்துச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

இந்த வைட்டமினுக்கும் நம் நாட்டிற்கும் பழைய உறவு உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவப் பெண்மணி 1928இல் இந்தியா வந்தார். பம்பாயிலும் நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் தங்கி, கர்ப்பிணிகளைப் பீடித்த இரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சத்தில் அதைக் குணமாக்கும் பொருள் ஒன்று உண்டென 1931இல் எழுதினார். அதுவே ஃபோலிக் அமிலம். 1941இல் பசலை போன்ற ஒரு கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். பெயரும் 'இலை' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே.

பள்ளிகளில் வாரம் ஒருமுறை மாணவியருக்குத் தரப்படும் நீலநிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்துடன் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளது. இது முதன்மையாக இரத்தசோகையைப் போக்கத் தரப்படுவது; நாள்தோறும் கொள்ளவேண்டிய மேற்சொன்ன மாத்திரைக்கு ஈடாகாது. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். மதிய உணவுக்குப் பின் நிறையத் தண்ணீருடன் விழுங்கினால் அத்தொல்லை குறையும். மலம் கறுத்துப்போவது இரும்பினால் நேர்வது, அஞ்ச வேண்டியதில்லை. ஆகவே ஜன்னலுக்கு வெளியே செம்பருத்திச் செடியடியில் நீல மாத்திரைகள் கிடப்பதற்கு இனி ஒரு காரணமும் எங்களுக்குத் தெரியவில்லை. செம்பருத்திக்கு நரம்பு மண்டலம் கிடையாது.