சீட்டில்லா மண்டபங்கள்

காசு கொடாமல் கலை நுகர்வது தமிழருக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே புராண படனம் நிகழுங்கால் ஒருவர் செய்யுளைப் படிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். கேட்க வருவோரிடம் எவரும் சீட்டுக் கேட்டதில்லை. மட்டக்களப்பிலே கூத்துக் களரியைச் சுற்றி விடியும்வரை அமர்ந்திருந்தோர் நிலையும் அவ்வாறே. எழுதப் படிக்க அறியாதவரும் கந்தபுராணத்தையும் பாரதத்தையும் அறிந்திருந்தமைக்கு இதுவே காரணம். அரங்குக்குக் கதவும், கதவுக்குச் சீட்டும் வந்தது பட்டணத்திலேதான். 1911ஆம் ஆண்டில் மருதானையிலே திறக்கப்பட்ட டவர் மண்டபம் அத்தகையதொரு நாடக அரங்கு. அதனைக் குறை கூறுவதற்கில்லை. நடிகருக்கும் வயிறு உண்டு. ஆயினும், சீட்டு வாங்க இயலாதவர் எங்கே போவது?

கொழும்பு மாநகரிலே இவ்வினாவுக்கு விடை கண்டவை சபைகளும் சங்கங்களுமேயாம். 1897ஆம் ஆண்டு ஜனவரியிலே விவேகானந்த அடிகள் கொழும்பில் இறங்கி விரிவுரை ஆற்றினார். அவ்வெழுச்சியின் பயனாக வடகொழும்பிலே விவேகானந்த சபை தோன்றிற்று. கொட்டாஞ்சேனைப் பகுதியிலே சமயச் சொற்பொழிவு கேட்டு வளர்ந்தோர் பலர் அதற்குக் கடமைப்பட்டவர்கள்.

தெற்கே, வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையிலே இன்று இருப்பது கொழும்புத் தமிழ்ச் சங்கம். அது தோன்றிய ஆண்டை நோக்குங்கள்: 1942. அவ்வாண்டு ஏப்பிரில் 5ஆந் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இரத்மலானை விமானத் தளமும் அத்தாக்குதலுக்கு இலக்காயிற்று. நகரத்தார் பலர் மூட்டை முடிச்சுகளோடு ஊர்களுக்கு ஓடிய அதே ஆண்டிலேதான் தமிழுக்கொரு சங்கம் வேண்டுமெனச் சிலர் கூடினர். அச்சங்கத்திலே நூல்நிலையமும் மண்டபமும் உண்டு. புதன்கிழமை மாலைகளிலே ‘அறிவோர் ஒன்றுகூடல்’ என்னும் பெயரால் ஒருவர் பேச, மற்றவர் வினவும் நிகழ்ச்சி பல ஆண்டுகள் நடந்துவந்தது. வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலே கொழும்புக் கம்பன் கழகம் நடத்திவரும் கம்பன் விழாவுக்குப் பட்டிமண்டபம் கேட்கவே வருவோர் உளர்.

கட்டணமில்லையெனில் செலவு யாருடையது? நூல் வெளியீட்டு விழாவைக் கவனித்தால் விளங்கும். முதற்பிரதியை வணிகரோ புரவலரோ பெற்றுக்கொள்வார். பின்னர் சிறப்புப் பிரதி பெறுவோர் ஒருவர்பின் ஒருவராக மேடையேறுவர். ஒவ்வொருவர் கையிலும் ஓர் உறை இருக்கும். அதனுள் இருப்பது நூலின் விலையாகவும் இருக்கலாம். அதன் பன்மடங்காகவும் இருக்கலாம். அச்சகத்தாரின் கடன் பெரும்பாலும் தீர்வது அவ்வுறைகளாலேதான். உறையில்லாதவர் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுச் செல்வார். எவரும் ஏனென்று கேளார். இம்முறையை நான் மிக மதிக்கின்றேன். தலைமையுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, ஆய்வுரை என்று உரைகள் நீளுவதைத்தான் பொறுக்க முடிவதில்லை. நூலாசிரியர் ஏற்புரைக்கு எழும்போது பாதி நாற்காலிகள் வெறுமையாகிவிடும். பரத நாட்டிய அரங்கேற்றங்களும் கட்டணமற்றவையே. ஆனால் அங்கே அழைப்பிதழே சீட்டாகி விடுகின்றது.

இனி, எங்கள் இரத்மலானைக்கு வருவோம். புகையிரத வேலைத்தளமும் தொழிற்சாலைகளும் இங்கு தமிழ்க் குடும்பங்கள் பலவற்றைக் கொணர்ந்தன. 1950களிலே இந்துக் கல்லூரியொன்றும் எழுந்தது. 1983 ஜூலைக் கலவரத்தின்பின் அக்குடும்பங்களிற் பல சிதறின. இன்று இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்குச் செந்தமிழைச் செவியாற் கேட்கும் வாய்ப்பு வகுப்பறைக்கும் கோயிலுக்கும் வெளியே அரிது. சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தி விழாவொன்றுக்குப் போய்வந்து, “சேர், அவர் தாளைப் பாராமலே அரைமணி நேரம் பேசினார்” என்று வியந்தாள். அப்படிப் பேசலாம் என்று நான் பல தடவை வகுப்பிலே சொன்னதுண்டு. அவள் நம்பியது கண்ணாற் கண்டபோதுதான்.

வெள்ளவத்தை தொலைவன்று. கல்கிசை, தெகிவளை கடந்தால் மூன்றாவது புகையிரத நிலையம். காலி வீதியிலே 101ஆம் இலக்கப் பஸ்ஸிலும் போகலாம். இடர்ப்பாடு திரும்புவதிலேதான். ஐந்து மணிக்கென்று அறிவித்த கூட்டம் ஆறுக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிந்தால், பதினைந்து வயதுப் பெண்பிள்ளையைத் தனியே அனுப்ப எந்தத் தாய் இசைவாள்? முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் பணமே அவள் வாங்கும் சீட்டாகிவிடும். கட்டணமில்லை என்று அழைப்பிதழில் அச்சிடுவோர் இதனைக் கணக்கிடுவதில்லை.

ஆதலின் நிகழ்ச்சியை இரத்மலானைக்கே கொணர்ந்தால் என்ன? விடுமுறை நாள்களிலே பாடசாலை மண்டபங்கள் பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன. கல்வி அலுவலகத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெறல் வேண்டும். காவலாளிக்கு மேலதிகக் கொடுப்பனவு, ஒலிபெருக்கி வாடகை, பேச்சாளரின் போக்குவரத்து, தேநீர் ஆகியவற்றைப் பழைய மாணவர் பத்துப்பேர் பகிர்ந்தால் ஒருவருக்கும் பாரமாகாது. போயா தினத்தன்று பிற்பகல் இரண்டரைக்குத் தொடங்கலாம். பேச்சாளர் இருவர் போதும். முன்வரிசையைப் பிரமுகர்களுக்கு ஒதுக்காமல் பிள்ளைகளுக்கு விடலாம். ஐந்துக்கு முன் முடித்தால் விளக்கேற்ற வேண்டிய தேவையும் இராது. பிள்ளைகள் வெளிச்சத்திலேயே வீடு சேர்வர்.