கொள்ளிட மணலில் மார்கழி ஓட்டம்

திருச்சியில் ஓட நினைப்பவருக்கு ஆண்டில் இரண்டு மாதம்தான் நல்ல மாதம். மார்கழியும் தையும். சித்திரை, வைகாசியில் பகல் வெயில் 40 டிகிரியைத் தொடும். விடியற்காலையில்கூட ராத்திரியின் புழுக்கம் சுவரை விட்டு இறங்கியிருக்காது. மார்கழியில் விடியுமுன் 20 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். வடநாட்டுக்காரர் இதைக் குளிர் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் எங்கள் ஸ்ரீரங்கத்தில் குரங்குக் குல்லா வெளியே வந்துவிடும். பால் வாங்க வருகிறவர் மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு வருவார். அந்த நேரத்தில் நான் கான்வாஸ் ஷூவின் கயிற்றை முடிந்துகொண்டு வடக்கு வாசல் பக்கம் கிளம்புவேன்.

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் குளிரில் ஓடுவது ஏன் சுலபம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓடும்போது உடம்பு எரிக்கிற சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் காலை முன்னே தள்ளுகிறது. மீதி முழுவதும் வெப்பம். அந்த வெப்பத்தை வெளியேற்ற, இதயம் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும். தசைக்கும் அனுப்ப வேண்டும். வெளியே வெக்கை இருந்தால் இரண்டு வேலையும் ஒன்றோடொன்று மோதும். மே மாதத்தில் ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்குகிற அதே ஆள், மார்கழியில் அரை மணி நேரம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓடுவது இதனால்தான். ஆற்றங்கரை என்பதால் விடியற்காலைக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை சீக்கிரம் காயாது. ஆனாலும் காற்றே குளிர்ந்திருப்பதால் அது பெரிதாகத் தெரிவதில்லை.

என் மகள் ஒட்டாவாவில் இருக்கிறாள். அங்கே ஜனவரியில் மைனஸ் 20 சாதாரணம். அப்படிப்பட்ட ஊரில் ஜனங்கள் ஆறு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லையாம். நகரத்துக்கு நடுவே போகிற ரீடோ கால்வாய் உறைந்ததும் 7.8 கிலோமீட்டர் நீளத்துக்குச் சறுக்குப் பாதையாகிவிடுகிறது. முதுகில் பையோடு அதில் சறுக்கிக்கொண்டே ஆபீசுக்குப் போகிறவர்கள் உண்டு. 2022-23 குளிர்காலத்தில் பனிக்கட்டி போதிய கனம் பிடிக்காமல் அந்தப் பாதை முதல் முறையாகத் திறக்கவே இல்லை, ஊரே துக்கம் கொண்டாடியது என்றாள். சனிக்கிழமைகளில் அவளும் சிநேகிதிகளும் பக்கத்தில் இருக்கிற காட்டினோ பூங்காவுக்குப் போய், ஸ்னோ ஷூ மாட்டிக்கொண்டு காட்டுக்குள் நடக்கிறார்கள். சிலர் அதோடு ஓடவும் செய்கிறார்கள்.

ஸ்னோ ஷூ என்பது பெயரில்தான் ஷூ. நாம் போட்டிருக்கிற பூட்ஸுக்கு அடியில் கட்டிக்கொள்கிற அகலமான சட்டம் அது. வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் மரத்தை வளைத்துச் சட்டம் செய்து, நடுவில் மான் தோல் வாரைப் பின்னி, தலைமுறை தலைமுறையாகப் பனியில் வேட்டைக்குப் போயிருக்கிறார்கள். இப்போது அலுமினியத்திலும் பிளாஸ்டிக்கிலும் வருகிறது, வழுக்காமலிருக்க அடியில் பல் வைத்து. வேலை செய்கிற விதம் ஒன்பதாம் வகுப்புப் பாடம்தான். 60 கிலோ எடையுள்ள பெண் ஒரு காலில் நிற்கும்போது, பாதத்தின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 300 கிராம் பாரம். ஸ்னோ ஷூவின் பரப்பு 1000 சதுர சென்டிமீட்டர் என்றால் அது 60 கிராமாகக் குறையும். முழங்கால் வரை புதைய வேண்டியவள் கணுக்கால் அளவோடு மேலே நடந்து போவாள்.

இதைக் கேட்டபோது எனக்குக் கொள்ளிடம்தான் ஞாபகம் வந்தது. எங்களிடம் உறைபனி இல்லை. ஆனால் காலை உள்ளே இழுக்கிற தரை, ஊருக்கு வடக்கே கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கிறது.

காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. 1836-இல் ஆர்தர் காட்டன் மேலணை கட்டிய இடம் அது. தெற்கே ஓடுவது காவிரி, வடக்கே ஓடுவது கொள்ளிடம், நடுவில் எங்கள் ஸ்ரீரங்கத் தீவு. பாசனத்துக்கான தண்ணீர் காவிரியில் போகும். கொள்ளிடம் வெள்ள வடிகால். உபரித் தண்ணீரைத்தான் அதில் திருப்புவார்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவதால், மார்கழியில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்கும். அதே நாளில் கொள்ளிடத்தில் பெரும்பாலும் மணல்தான், நடுநடுவே ஒன்றிரண்டு வாய்க்கால் அகலத்துக்கு ஓட்டம்.

அந்த மணலில் ஒரே மாதிரித் தரை எங்கும் கிடையாது. கரையிலிருந்து இறங்கியதும் காய்ந்த மணல். வைத்த குதிகால் பின்னால் நழுவும். கடினத் தரையில் ஓடுவதைவிட இதில் ஓட ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். என் கெண்டைக்கால் ஆராய்ச்சி இல்லாமலே சொல்லும். இன்னும் உள்ளே போனால், தண்ணீர் ஓடுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஈர மணல். மணிக்கும் மணிக்கும் இடையே இருக்கிற மெல்லிய நீர்ப்படலம் அவற்றைச் சேர்த்துப் பிடித்துவைத்திருப்பதால் சிமெண்டுத் தரை மாதிரி கெட்டியாக இருக்கும். ஓடினால் அச்சு மட்டும் பதியும். அதற்கும் ஓரடி தள்ளி, தண்ணீர் ஊறி நிறைந்த இடத்தில், மறுபடியும் பொதபொதவென்று கால் இறங்கும். ஈரம் கொஞ்சம் இருந்தால் பிடிப்பு, அதிகமானால் பிடிப்பு போச்சு. ஆகவே இந்த ஓட்டத்தில் பாதி வேலை கண்ணுக்கு. மணலின் நிறம் கொஞ்சம் கறுத்திருக்கிற கோட்டைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். அடியைச் சின்னதாக வைத்து, குதிகாலை ஊன்றாமல் பாதம் முழுவதும் ஒரே சமயத்தில் படும்படி வைத்தால் புதைவது குறையும். மகள் பனியில் செய்வதும் இதேதான், சட்டம் ஒன்று கூடுதல்.

ஐப்பசி தவிர மற்ற மாதங்களில் ரங்கநாதருக்குத் திருமஞ்சனத் தீர்த்தம் கொள்ளிடத்திலிருந்துதான் போகிறது. யானையோடு அந்த ஊர்வலம் எதிரே வந்தால் ஓட்டக்காரி ஓரமாக நின்றுவிட வேண்டும். யானை தன் பாட்டுக்குப் போகும். பின்னாலிருந்து தடதடவென்று வருகிற கால் சத்தம் அதற்குப் பிடிக்காது என்று பாகன் சொல்லாமலே எனக்குப் புரியும்.

ஆனால் கொள்ளிடத்துக்குப் போவதற்கு முன்னால் தெரு இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும். கோயிலைச் சுற்றி உத்திர வீதி, அதைச் சுற்றிச் சித்திரை வீதி, அதற்கும் வெளியே அடையவளஞ்சான் வீதி என்று வரிசையாக வீதிகள். மார்கழியில் நாலரை மணிக்கே வாசல் தெளித்துக் கோலம் போட ஆரம்பித்துவிடுவார்கள். சாணம் தெளித்த சிமெண்டு வாசல் ரப்பர் அடிப்பாகத்தை வாரிவிடும். நடுத் தெருவில் ஓடலாம் என்றால் கோலம் நடுத் தெருவரை நீண்டிருக்கும். பூசணிப்பூ வைத்த கோலத்தை மிதித்தால் அந்த வீட்டு மாமியின் முகத்தில் மறுநாள் முழிக்க முடியாது. ஆகையால் தெருக்களில் நான் ஓடுவதில்லை, வேகமாக நடப்பதோடு சரி. ஓட்டம் பஞ்சக்கரைச் சாலை வந்த பிறகுதான்.

வடக்கு வாசலில் பூக்கட்டுகிற அம்மாள் ஒரு நாள் கேட்டாள்: “ஏன் டீச்சர், மார்கழின்னா எல்லாரும் குளிச்சுட்டுக் கோயிலுக்குப் போறாங்க. நீங்க என்னடான்னா ஓடிட்டு வந்து குளிக்கிறீங்க. மெடல் ஏதாச்சும் தராங்களா?”

மெடல் வாங்குகிற ஓட்டக்காரர்கள் எங்கள் ஜில்லாவில் இல்லாமல் இல்லை. லால்குடிப் பக்கத்து ஆரோக்ய ராஜீவ் 2014 ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் வெண்கலம் வாங்கினார். திருச்சிப் பெண் சுபா வெங்கடேசன் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடினார். அதனால் ஓட்டம் என்றால் மைதானம், விசில், பதக்கம் என்றே ஜனங்கள் மனதில் பதிந்திருக்கிறது. பால் வாங்குவது மாதிரி, தினப்படி வேலைகளில் ஒன்றாக ஓடலாம் என்பது இன்னும் பலருக்கு உறைக்கவில்லை.

எனக்கு மார்கழி முக்கியமாகத் தோன்றுவதற்குக் குளிர் பாதிக் காரணம்தான். மீதிப் பாதியை ஆண்கள் கவனித்திருக்க மாட்டார்கள். ஆடி மாதம் காலை நாலே முக்காலுக்கு ஒரு பெண் தனியாகத் தெருவில் ஓடினால், நாய் குரைக்கும், டூவீலர்காரன் ஒருவன் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்ப்பான், அவளுக்கு வயிற்றில் ஒரு பயம் இருந்துகொண்டே இருக்கும். அதே தெரு மார்கழியில் விழித்திருக்கிறது. வாசலுக்கு வாசல் பெண்கள். ஒலிபெருக்கியில் திருப்பாவை. டீக்கடை திறந்தாயிற்று, கோயிலுக்குப் போகிற கூட்டம் அடர்ந்தாயிற்று. இருட்டு அதே இருட்டுதான், ஆள் நடமாட்டம்தான் வேறு. ஊரில் விளக்குக் கம்பம் போடுகிறவர்களும் பூங்கா கட்டுகிறவர்களும் இதை யோசித்துப் பார்க்கலாம். பெண்களுக்கு வேண்டியது ஜிம் இல்லை. மற்ற மாதங்களிலும் அந்த நேரத்துக்குத் தெருவில் நாலு பேர் இருக்க வேண்டும். என்னோடு ஓடுகிற சிறு கூட்டத்தில் ஒரு நர்ஸ், ஒரு தையல்காரி, கல்லூரியில் படிக்கிற இரண்டு பெண்கள் எல்லாம் மார்கழியில்தான் சேர்ந்தார்கள். பழகிய பிறகு மாசியிலும் வந்தார்கள்.

நடப்பதற்கென்றே எங்களுக்கு ஓர் இடம் வாய்த்திருந்தது. கொள்ளிடத்தில் 1928-இல் கட்டிய பழைய இரும்புப் பாலம். பக்கத்தில் புதுப் பாலம் வந்து வாகனங்கள் அதில் போகத் தொடங்கியதும், பழையது நடைக்காரர்கள் கைக்கு வந்தது. ஆற்றுக்கு நடுவே, வண்டித் தொல்லை இல்லாமல், இரண்டு பக்கமும் மணல் பார்த்துக்கொண்டு நடக்கலாம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சரிந்தன. முக்கொம்பு மேலணையின் ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போனதும் அதே மாதம். அப்படி ஒரு இடம் இன்னொன்று அமையவில்லை.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். வெளிச்சம் வரும்வரை ஆற்றுக்குள் இறங்காதீர்கள். எங்கள் பக்கம் ஜனவரியில் சூரியன் எழ ஆறரை ஆகிவிடும். அதுவரை கரைச் சாலையில் ஓடுங்கள், சட்டையில் பளிச்சென்று ஏதாவது இருக்கட்டும், மூடுபனியில் லாரிக்காரர் கண்ணுக்கு நீங்கள் தெரிய வேண்டும். மணலுக்குள் பழைய மணல் குழிகள் உண்டு, அவற்றில் தேங்கிய தண்ணீரின் ஆழம் மேலிருந்து தெரியாது. கிட்டே போக வேண்டாம். வெள்ள எச்சரிக்கை விடுத்திருக்கிற நாளில் ஆற்றில் இறங்குவது பைத்தியக்காரத்தனம். சீமைக்கருவேல முள் மெல்லிய ஷூவைத் துளைத்துவிடும். காய்ந்த மணலில் குதிகால் ஆழமாக இறங்குவதால் பின்னங்கால் தசைநாண் இழுபடும், முதல் இரண்டு வாரம் நடந்தே பழகுங்கள். கரை ஒரு பக்கம் சரிந்திருந்தால் போன தடத்திலேயே திரும்பி வாருங்கள், இரண்டு முழங்காலுக்கும் பாரம் சமமாகும். வேகத்துக்கு ஒரு சோதனை உண்டு. ஒரு பாசுரத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம்.

போகி அன்று ஓட்டம் வேண்டாம். குளிர்ந்த காற்று தரையோடு தங்கிவிடுவதால் டயர், பாய் எரித்த புகை மேலே போகாமல் மூக்கு மட்டத்திலேயே நிற்கும். வைகுண்ட ஏகாதசி அன்றும் வேண்டாம், அன்றைக்கு ஸ்ரீரங்கத்தில் நிற்கவே இடம் இருக்காது. மணலில் பழகிவிட்டு மலைப்பாதையில் ஓட ஆசை வந்தால், காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு வழிகாட்டியோடு போகும்படி ஏற்பாடு செய்திருக்கிறது.

மார்கழி டிசம்பர் 16 வாக்கில் பிறக்கிறது. திருச்சியில் இருந்தால், அன்றைக்கு நாலே முக்காலுக்கு அலாரம் வையுங்கள். பழைய ஷூ போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெண்ணையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.