எத்தனை கிலோ தூக்கலாம்?

"சார், என் நண்பன் 40 கிலோ தூக்குறான். நான் எத்தனை தூக்கணும்?" படிவம் 5 மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான். இங்கே ஜொகூரில் எஸ்பிஎம் படிப்புக்கு இடையே ஜிம்முக்குப் போகும் மாணவர்கள் உண்டு. ஆசிரியர்கள் நாமும்தான் போகிறோம். ஆனால் நண்பன் தூக்கும் எடை உங்களுக்கான அளவுகோல் ஆகாது.

முதலில் பயிற்றுநரிடம் தூக்கும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு, ஒரு சுற்றில் 8 முதல் 12 முறை தூக்கக்கூடிய எடையை எடுங்கள். சுற்று முடியும்போது, 'இன்னும் இரண்டு முறை தூக்கலாம், அதற்கு மேல் முடியாது' என்று தோன்றினால் அதுதான் சரியான எடை. கதை பேசிக்கொண்டே மேலும் ஐந்தாறு முறை தூக்க முடிகிறதா? எடை போதாது. ஆறாவது முறையிலேயே முதுகு வளைகிறதா, உடம்பை ஆட்டித்தான் தூக்க முடிகிறதா? கூச்சப்படாமல் குறைத்துவிடுங்க. காலுக்குச் சரியான எடை தோளுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு பயிற்சிக்கும் தனியாகப் பார்க்க வேண்டும்.

கம்பியின் எடையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒலிம்பிக் ஆண்கள் கம்பி மட்டுமே 20 கிலோ, பெண்கள் கம்பி 15 கிலோ. 20 கிலோ கம்பியில் பக்கத்துக்கு 10 கிலோ தட்டு மாட்டினால் மொத்தம் 40. அந்த நண்பன் எதைக் கணக்கிட்டானோ!

12 முறையைத் தாண்டி 14 வரை தூக்க முடிந்து, அடுத்த பயிற்சியிலும் அப்படியே முடிந்தால் எடையைக் கூட்டலாம். 2 முதல் 10 விழுக்காடு போதும். 40 கிலோவுக்கு அதிகபட்சம் 4 கிலோ.

தமிழ்நாட்டின் வேலூரைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கத்தைப் பாருங்கள். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். பிறகு தேசியப் போட்டி ஒன்றில் 194 கிலோவுக்கு முயன்று தொடையில் காயம்பட்டது. 2018இல் கோல்ட் கோஸ்ட்டுக்கு முழுத் தகுதி இல்லாமலேயே போனார். 144, 173, மொத்தம் 317 கிலோ. பழைய கணக்கைவிட 11 கிலோ குறைவு, ஆனாலும் தங்கம்! வெற்றி உறுதியானதும் கடைசி முயற்சியைக்கூட விட்டுவிட்டார். ஆசிரியர்களே, திருக்குறளில் 'வலியறிதல்' அதிகாரம் நடத்தும்போது இதை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

மாணவர்களே, தேர்வுக்காக மூன்று நான்கு வாரம் ஜிம் பக்கமே போகவில்லை என்றால், திரும்பிப் போகும் நாளில் விட்ட எடையிலிருந்து தொடங்காதீங்க. குறைந்த எடையில் ஒரு சுற்று தூக்கிப் பார்த்துவிட்டு, மேலே சொன்ன கணக்கை மறுபடி போடுங்கள்.