உஷார்! ஆர்கானிக் கடையின் பின்கட்டு

ஆர்கானிக் கடைக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளே, அவர்களை அனுப்பிவைக்கிற அம்மா அப்பாக்களே, முதல் வேலையாக இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பின்கட்டில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு அலுமினிய டப்பா இருக்கிறதா? அதிலிருந்து சாம்பல் நிற மாத்திரையை எடுத்து மூட்டைக்குள் போடச் சொல்கிறார்களா? போடாதீர்கள். “சும்மா வண்டு மாத்திரைதாம்மா” என்பார்கள். அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றிலிருக்கும் ஈரம் பட்டாலே போதும், பாஸ்பீன் என்கிற விஷவாயுவைக் கக்கும். மூன்று கிராம் மாத்திரை ஒன்றுக்கு ஒரு கிராம் வாயு. உள்ளே போனால் முறிக்க மாற்று மருந்து கிடையாது.

நானும் கொடைக்கானல் மலையடிவாரத்தில் அப்படி ஒரு கடையின் பின்கட்டில் வேலை பார்த்தவள். கடையின் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அந்த ஒரு கடையோடு பேச்சு முடிந்துவிடும். இது அங்கே மட்டும் நடப்பதில்லை.

வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகிற ரோட்டில் காட்ரோடு வந்ததும் கொடைக்கானல் மலைச்சாலை பிரிகிறது. கொஞ்சம் மேற்கே கெங்குவார்பட்டி, அதைத் தாண்டி தேவதானப்பட்டி. மலையேறும் கார்கள் எல்லாம் இந்தப் பக்கம் நின்றுதான் போகும். அதனால்தான் மலைத்தேன், மலைப்பூண்டு, மரச்செக்கு எண்ணெய், கருப்பட்டி, கறுப்புக் கவுனி என்று பலகை மாட்டிய கடைகள். நம்ம ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு இது கௌரவமான வேலை. தோட்டத்தில் வெயிலில் மாங்காய் பொறுக்குவதைவிட, மில்லுக்கு வேனில் போவதைவிட மேல் என்று நினைக்கிறோம். தப்பில்லை. ஆனால் உள்ளே என்ன வேலை என்று தெரிந்துகொண்டு போங்கள்.

முன்பக்கம் நிற்பது கொஞ்ச நேரம்தான். பாதி நாள் பின்கட்டில் போய்விடும். வரகு, சாமை, தினை மூட்டையைப் பிரிப்பது, சல்லடையில் சலிப்பது, முறத்தில் புடைப்பது, கல் பொறுக்குவது, அரைக்கிலோ ஒரு கிலோவாக நிறுத்து பாக்கெட் ஒட்டுவது. ரசாயனம் படாத தானியத்தில் வண்டு வரத்தான் செய்யும். மாப்பிள்ளைச் சம்பாவில் அந்துப்பூச்சி நூல் கட்டி, அரிசி கொத்துக் கொத்தாகத் தொங்கும். அதை உதிர்த்துப் புடைக்கும்போது எழும்புகிற தவிட்டுத் தூசி மூக்கிலும் தொண்டையிலும் போய் அப்பிக்கொள்ளும். சாயங்காலம் சளியைத் துப்பினால் பழுப்பாக வரும். துண்டால் மூக்கைக் கட்டிக்கொள்ளாமல் சல்லடையைத் தொடாதீர்கள்; கடையில் மாஸ்க் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். மிளகாய்த்தூள் பாக்கெட் போடுகிற நாளில் இரண்டு பங்கு ஜாக்கிரதை.

வண்டு விழுந்த மூட்டையை வெயிலில் காயப்போட வேண்டும், வசம்பைத் தட்டிப் போட வேண்டும், வேப்பிலை, நொச்சி இலை போட வேண்டும், பருப்பாக இருந்தால் விளக்கெண்ணெய் தடவி வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கொஞ்சமாக வாங்கிச் சீக்கிரம் விற்க வேண்டும். இதெல்லாம் பாட்டி காலத்து வழி, இன்றைக்கும் வேலை செய்கிற வழி. ஆனால் ஆளும் நேரமும் பிடிக்கும். சீசனுக்காக ஐம்பது மூட்டையை இறக்கி வைத்துவிட்ட முதலாளிக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. அங்கேதான் டப்பா வெளியே வருகிறது.

பாஸ்பீன் வாயுவின் வாடை பூண்டு போலவோ அழுகிய மீன் போலவோ இருக்கும். நம் பக்கத்துக் கடைகளில் மூட்டை மூட்டையாகப் பூண்டு கிடக்கிறது! வாயு கசிந்தால்கூட ‘பூண்டு வாடை’ என்று நினைத்து, அங்கேயே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடுவீர்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்குகிறது. வாடையே தெரியாத அளவில்கூட அது ஆளைப் பாதிக்கும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையை ஒட்டித் தேங்கும், அதாவது மூட்டைக்குப் பக்கத்தில் குத்தவைத்து வேலை செய்கிறவளின் மூக்கு மட்டத்தில்.

ராத்திரி முழுக்க மூடிக் கிடந்த கடையைக் காலையில் திறப்பது பெரும்பாலும் வேலைக்காரப் பிள்ளைதான். ஷட்டரைத் தூக்கியதும் உள்ளே நுழையாதீர்கள். கதவு, ஜன்னல், பின்வாசல் எல்லாம் திறந்து காற்று நன்றாகப் போய்வந்த பிறகு போங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றில் ஈரம் கூடும்போது ஆபத்தும் கூடும். கீழே மாத்திரையோ அதன் பொடியோ சிதறிக் கிடந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது, ஈரத் துணியால் துடைக்கவும் கூடாது. தண்ணீர் பட்டால் வாயு ஒரேயடியாகக் கிளம்பும், தீப்பிடிக்கவும் செய்யும். வெளியே வந்துவிடுங்கள். தலைவலி, வாந்தி, நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குவது, சில்லென்று வியர்ப்பது என்று எது வந்தாலும் ‘பித்தம்’ என்று சுக்குக் காப்பி குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு பெரியகுளம் அரசு மருத்துவமனைக்கோ, க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய், ‘மாத்திரை போட்ட மூட்டைப் பக்கத்தில் இருந்தேன்’ என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும்.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2024 நவம்பரில் சென்னையை ஒட்டிய குன்றத்தூரில், வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்துபோனார்கள். அங்கே மருந்து வைத்தது பூச்சி ஒழிப்பு நிறுவனத்து ஆட்கள். பழகிய ஆட்கள் வைத்தே இந்தக் கதி என்றால், பத்தாவது படித்துவிட்டு வந்த பிள்ளையிடம் டப்பாவைக் கொடுப்பது என்ன நியாயம்? சட்டப்படி அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை அரசு நிறுவனங்களும், நிபுணர் மேற்பார்வையில் பூச்சி ஒழிப்பு நிறுவனங்களும்தான் வாங்கலாம். சில்லறையாகப் புழங்கிய 10, 20 மாத்திரைக் குழாய்களை 2001-லேயே தடை செய்தாயிற்று. மளிகைக் கடை அலமாரியில் அது இருக்கவே கூடாது.

இன்னொன்று. இயற்கை விளைபொருளுக்கான தேசியத் தர விதிகளிலேயே இந்த மருந்தால் புகை போடுவது தடை. விவசாயி மூன்று வருஷம் உரமில்லாமல், மருந்தில்லாமல் நஷ்டப்பட்டு விளைவித்த நெல்லானாலும், கடைக்காரர் ஒரு மாத்திரை போட்ட அன்றைக்கே அது ஆர்கானிக் இல்லை. சுவரில் இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா படம், அதற்கு மாலை, பின்னால் விஷ டப்பா. இதைவிடப் பெரிய துரோகம் அந்த மனிதருக்கு வேறில்லை.

வாங்குகிறவர்களும் கேளுங்கள். நீங்கள் கல்லாவில் நிற்கிற பிள்ளையிடம் “இது ஆர்கானிக்தானே பாப்பா?” என்று கேட்கிறீர்கள். அவளும் “ஆமாக்கா, நம்ம தோட்டத்துச் சரக்கு” என்கிறாள். அப்படிச் சொல்லத்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மூட்டை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. ஒரே மூட்டையைப் பிரித்து ஒரு பாதிக்குச் சாதா லேபிள், மறுபாதிக்குப் பச்சை இலை போட்ட லேபிள் ஒட்டச் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். விலை மட்டும் இரட்டிப்பு.

பாக்கெட்டில் 14 இலக்க எப்எஸ்எஸ்ஏஐ எண் இருந்தாலே ஆர்கானிக் என்று நம்பிவிடாதீர்கள். அது உணவு வியாபாரம் செய்ய எல்லோரும் எடுக்க வேண்டிய உரிமம், மிக்சர் கடைக்கும் உண்டு. ஆர்கானிக் என்று விற்கும் பாக்கெட்டில் ‘ஜைவிக் பாரத்’ போன்ற அரசின் ஆர்கானிக் முத்திரை வேண்டும். 2017-ல் போட்ட விதி, 2018 ஜூலையிலிருந்து நடைமுறை. அதற்குப் பின்னால் என்பிஓபி என்கிற தேசியத் திட்டத்தின் சான்றோ, பிஜிஎஸ் என்கிற விவசாயக் குழுக்களின் சான்றோ இருக்க வேண்டும். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டு விற்கிற சிறு விவசாயி தன் விளைச்சலைத் தானே நேரடியாக உங்கள் கையில் கொடுத்தால் சான்று கட்டாயமில்லை. மஞ்சளாற்றுப் பாசனத்தில் அப்படி நேர்மையாக விளைவிப்பவர்களிடம் தோட்டத்துக்கே போய் வாங்குங்கள், அதில் ஒரு தயக்கமும் வேண்டாம். ஆனால் அந்தச் சலுகை வாங்கி விற்கிற கடைக்கு இல்லை.

சில கடைகள் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். கிட்டப் போய்ப் படியுங்கள். யார் பெயர், எந்தப் பயிர், எந்தத் தேதிவரை? பல நேரம் அது வேறு ஊர் விவசாயியுடையதாக இருக்கும், தேதியும் முடிந்திருக்கும். என்பிஓபி முறையில் ஒவ்வொரு விற்பனைக்கும் தனியாக ஒரு பரிமாற்றச் சான்று உண்டு. “இந்த லாட்டுக்கான பேப்பரைக் காட்டுங்கள்” என்று கேட்டால் நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

தேன் பாட்டிலில் தண்ணீர்ச் சொட்டு சோதனை, தீக்குச்சி சோதனை காட்டினால் மயங்க வேண்டாம். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுத் தேனை ஜெர்மன் ஆய்வகத்துக்கு அனுப்பியபோது, என்எம்ஆர் சோதனையில் 10 பிராண்டு தேறவில்லை. நம் நாட்டு வழக்கமான சோதனையையே ஏமாற்றுகிற சர்க்கரைப் பாகு வந்துவிட்டது. தீக்குச்சி என்ன செய்யும்? ஏலக்காய் நம் போடி ஏலத்துக்கு வருகிற சரக்குதான், ஆனால் மருந்து அதிகம் அடிக்கிற பயிர். 2023 ஜனவரியில் சபரிமலை அரவணையில் சேர்த்த ஏலக்காயில் 14 பூச்சிமருந்து எச்சங்கள் அளவுக்கு மேல் இருப்பதாக ஆய்வறிக்கை வந்து, கேரள உயர் நீதிமன்றம் விற்பனையையே நிறுத்தியது. அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது, அது வேறு. சாக்கில் திறந்து வைத்து ‘ஆர்கானிக் ஏலக்காய்’ என்று எழுதினால் கேள்வி கேளுங்கள் என்பதுதான் என் பேச்சு. மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் வடுகபட்டிச் சந்தைக்கு வடநாட்டுப் பூண்டும் வந்து இறங்குகிறது, அதனால் ‘மலைப்பூண்டு’ என்ற பலகையை மட்டும் நம்பாதீர்கள். பளிச்சென்று வெளுத்த வெல்லம் வேண்டவே வேண்டாம், ஹைட்ரோஸ் என்கிற ரசாயனம் போட்டு வெளுக்க வைப்பது ஊரறிந்த விஷயம்.

வேலைக்குப் போகிற பிள்ளைகளிடம் இன்னும் இரண்டு விஷயம் பேச வேண்டும். ஒன்று, வைத்தியம் சொல்லாதீர்கள். “கவுனி சாப்பிட்டா சுகர் இறங்கிடும், மாத்திரையை விட்டுடலாம்” என்று சொல்லச் சொல்வார்கள். அதை நம்பி ஒரு பெரியவர் இன்சுலினை நிறுத்தினால் அந்தப் பாவம் யாருக்கு? கவுனியும் அரிசிதான், மாவுச்சத்துதான். தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 53-ம் பிரிவில் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம், தப்பான லேபிளுக்கு 52-ம் பிரிவில் 3 லட்சம்வரை.

அந்த அபராத நோட்டீஸ் யார் பெயருக்கு வரும்? இங்கேதான் இரண்டாவது விஷயம். “லைசென்ஸ் எடுக்கணும், உன் ஆதாரும் பான் கார்டும் குடு பாப்பா, சும்மா ஒரு பேருக்குத்தான்” என்று கேட்டால் கொடுக்காதீர்கள். கூலி வேலை செய்கிறவர்களின் ஆதாரை வைத்து ஜிஎஸ்டி பதிவெடுத்து, கடைசியில் அவர்கள் வீட்டுக்குக் கோடிக்கணக்கில் வரி நோட்டீஸ் வந்த செய்திகளைத் தமிழ்நாட்டில் எத்தனை முறை படித்துவிட்டோம். சம்பளத்துக்கு வங்கிக் கணக்கு எண் போதும். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் இன்றைக்கே கடைச் சுவரிலிருக்கும் உரிமத்தை போனில் போட்டோ எடுத்து, அதில் யார் பெயர் என்று பாருங்கள். உங்கள் பெயர் இருந்தால் தேனி உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை; 2021-லிருந்து தமிழ்நாட்டுக் கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்பது சட்டம். தைரியமாக ஸ்டூல் கேளுங்கள்.

மாத்திரை டப்பாவைப் பார்த்தாலோ, லேபிள் மாற்றுவதைப் பார்த்தாலோ உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. வாங்கி ஏமாந்தவர்களுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. படம் எடுத்து, கடை இருக்கிற இடம், தேதியோடு அனுப்புங்கள். டப்பாவைக் கையில் எடுத்துப் படம் பிடிக்க வேண்டாம், இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். தள்ளி நின்று எடுங்கள்.