ஒரே ஆல்பம், ரெண்டு மிக்ஸ்! பங்க் ரசிகர்கள் பழைய எல்பி-யை ஏன் விடுவதில்லை?

'இந்த ஆல்பம்தான் ஏற்கெனவே வீட்ல இருக்கே... மறுபடியும் எதுக்கு?' வினைல் ரெக்கார்டு சேகரிப்பவர்கள் வீட்டில் அடிக்கடி கேட்க வேண்டிய கேள்வி இது. சில ஆல்பங்களுக்கு நியாயமான பதில் ஒன்று உண்டு: பெயர்தான் ஒன்று, சத்தம் வேறு!

அதற்கு நல்ல உதாரணம், அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரைச் சேர்ந்த 'டெட் கென்னடிஸ்' குழு 1980-ல் வெளியிட்ட முதல் ஆல்பம், 'ஃப்ரெஷ் ஃப்ரூட் ஃபார் ராட்டிங் வெஜிடபிள்ஸ்'. பங்க் ராக்கையே இன்னும் வேகமாக, இன்னும் ஆவேசமாக வாசித்தால் அது ஹார்ட்கோர் பங்க். அந்தப் பாணிக்கு வழிபோட்ட ஆல்பங்களில் இதுவும் ஒன்று.

அட்டையில் போலீஸ் கார்கள் எரிகின்றன. அது செட் போட்டு எடுத்த படம் இல்லை. சான்பிரான்சிஸ்கோ மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியையும், நகர சபை உறுப்பினர் ஹார்வி மில்க்கையும் சுட்டுக் கொன்ற டான் ஒயிட்டுக்குக் குறைந்த தண்டனை கிடைக்கும் என்று தெரிந்ததும், 1979 மே 21 இரவு நகரமே கொந்தளித்தது. அந்த இரவின் படம் அது.

42 ஆண்டுகள் கழித்து, 2022-ல் இந்த ஆல்பம் புது மிக்ஸில் எல்பி-யாக வந்தது. மிக்ஸ் செய்தவர் கிறிஸ் லார்ட்-ஆல்ஜ். கிரீன் டே குழுவின் 'அமெரிக்கன் இடியட்' ஆல்பத்தை மிக்ஸ் செய்தவர்.

ரீமிக்ஸ் என்றதும் பழைய சினிமா பாட்டுக்குப் புது பீட் போடுவது என்று நினைத்துவிடாதீர்கள். கிட்டார், டிரம்ஸ், குரல் எல்லாம் அன்று தனித்தனி டிராக்காகப் பதிவானவை. அந்த டேப்பிலிருந்து ஒவ்வொன்றையும் எடுத்து, எது முன்னால், எது பின்னால் என்று புதிதாகக் கலப்பதுதான் இந்த ரீமிக்ஸ். ரீமாஸ்டர் என்பது கொதித்து இறக்கிய சாம்பாருக்கு உப்பு, காரம் சரிபார்ப்பது. ரீமிக்ஸ், பருப்பிலிருந்து மறுபடி கூட்டுவது!

சரி, மறுபடி கூட்டலாம் என்று முடிவு செய்வது யார்? இங்கேதான் சிக்கல். ராயல்டி பாக்கி தொடர்பாகக் குழுவின் மற்ற மூவர் பாடகர் ஜெல்லோ பியாஃப்ராமீது வழக்குத் தொடுத்தார்கள். 2000-ல் ஜூரி அந்த மூவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிறகு ஆல்பங்களும் பியாஃப்ராவின் கம்பெனியை விட்டு வேறு கம்பெனிக்குப் போயின. பாடியவர் ஒருவர், பாட்டின்மீது முடிவெடுப்பவர்கள் வேறு.

இன்னொரு கதையும் கேளுங்கள். வாஷிங்டனில் உருவான 'பேட் பிரெயின்ஸ்' என்ற கறுப்பினக் குழு 1983-ல் வெளியிட்ட ஆல்பம் 'ராக் ஃபார் லைட்'. 1991-ல் அதன் தயாரிப்பாளர் ரிக் ஒகாசெக்கும், பாஸ் கிட்டார் கலைஞர் டாரில் ஜெனிஃபரும் அதை ரீமிக்ஸ் செய்தார்கள். பாடல் வரிசை மாறியது. டேப் வேகம் கூடியதால் சுருதியும் ஏறியது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் கடைகளில் கிடைத்தது இந்தப் புது வடிவம்தான். அப்போது முதல் மிக்ஸைக் கேட்க வேண்டுமென்றால் பழைய ரெக்கார்டைத் தேடி அலைய வேண்டியிருந்தது!

சேகரிப்பவர்களின் பயமே இதுதான். புது மிக்ஸ் வருவதில் அவர்களுக்குக் கோபம் இல்லை. பழையது சத்தமில்லாமல் காணாமல் போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

நீங்களும் வாங்கப் போகிறீர்களா? இதைக் கவனியுங்கள்:

* அட்டையிலோ ஸ்டிக்கரிலோ எந்த ஆண்டு மிக்ஸ் என்று பாருங்கள். 'ரீமாஸ்டர்' என்று மட்டும் இருந்தால் அது ரீமிக்ஸ் ஆகாது.

* பழைய ரெக்கார்டு என்றால், பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் இருக்கும் வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணை 'டிஸ்காக்ஸ்' தளத்தில் ஒப்பிடுங்கள். எந்தப் பதிப்பு என்று தெரிந்துவிடும்.

* வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியர் செலவு, இறக்குமதி வரி இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

போனில் கேட்கும் பாட்டை, கம்பெனி நினைத்தால் நாளைக்கே வேறு மிக்ஸாக மாற்றிவிடலாம். அலமாரியில் இருக்கும் எல்பி-யை அப்படி மாற்ற முடியாது. அதனால் புது மிக்ஸைத் தாராளமாக வாங்குங்கள்... பழையதை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்!